களத்துக்குப் போய்க் கதை கேட்பது

நாவல் எழுத விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, 'கரு எங்கிருந்து கிடைக்கும்?' என்றுதான். அது தானாக வரும் என்று காத்திருந்தே பல ஆண்டுகளைக் கழித்தவர்களை எனக்குத் தெரியும். நல்ல வாசகர்கள், மொழி கைவந்தவர்கள், ஆனாலும் பத்துப் பக்கத்தைத் தாண்டாதவர்கள். அவர்களிடம் நான் சொல்வது: கருவைத் தேடாதீர்கள். உங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்த, முழுதாகத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிற ஒரு வாழ்க்கையைத் தேடுங்கள். அந்த மனிதர்கள் இருக்கும் இடத்துக்குப் புறப்பட்டுப் போங்கள். கரு அங்கே இருக்கும்.

தமிழில் இதை வாழ்நாள் முழுவதும் செய்துகாட்டியவர் ராஜம் கிருஷ்ணன். 1925இல் முசிறியில் பிறந்தவர். பதினைந்து வயதில் திருமணம். கல்லூரிப் படிப்பு கிடையாது. கணவர் மின்பொறியாளர் என்பதால் அவருக்கு மாற்றலான ஊர்களுக்கெல்லாம் இவரும் போனார். அப்படி நீலகிரியில் வாழ்ந்த காலம் படகர்களைப் பற்றிய 'குறிஞ்சித்தேன்' ஆயிற்று. அதன்பிறகு ஊர்கள் தாமாக வரட்டும் என்று அவர் இருக்கவில்லை. கோவாவின் விடுதலையைப் பற்றி 'வளைக்கரம்', கடற்கரைக் கத்தோலிக்க மீனவர்களைப் பற்றி 1978இல் 'அலைவாய்க்கரையில்', தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 1979இல் 'கரிப்பு மணிகள்', தஞ்சைப் பகுதியின் விவசாயக் கூலிகளைப் பற்றி 1982இல் 'சேற்றில் மனிதர்கள்', சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் சிக்கிய குழந்தைகளைப் பற்றி 'கூட்டுக்குஞ்சுகள்', சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையரைப் பற்றி 'முள்ளும் மலர்ந்தது' என்று ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு புது நிலம், ஒரு புதுத் தொழில். 'வேருக்கு நீர்' நாவலுக்காக 1973இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 2009இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, தமிழக அரசு அவருடைய படைப்புகளை நாட்டுடைமையாக்கியது.

இந்த அத்தியாயத்துக்கு அவரை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் விருதுகள் அல்ல. அவர் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண். கையில் ஆய்வாளர் என்ற பட்டமில்லை. உப்பளத்தில் பிறந்தவரும் அல்ல, கட்டுமரம் ஏறியவரும் அல்ல. கேட்கும் பொறுமையும் போய்ப் பார்க்கும் துணிவுமே அவருடைய முதல். அந்த முதல் உங்களுக்கும் எனக்கும் எட்டக்கூடியது.

எந்தக் களம்?

போய்ப் பார்ப்பது என்றதும் தொலைவான ஊர்களை நினைக்க வேண்டாம். உங்கள் காலடியில் ஒரு களம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அசோகமித்திரன் 1952இல் செகந்திராபாத்திலிருந்து சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். திரைத்துறையின் கடைநிலை மனிதர்களைப் பற்றிய 'கரைந்த நிழல்கள்' அந்த அனுபவத்தின் விளைச்சல். செகந்திராபாத் இளமைக்காலம் 'பதினெட்டாவது அட்சக்கோடு' ஆயிற்று. பெருமாள்முருகனின் தந்தை ஒரு திரையரங்கில் சோடாக்கடை நடத்தினார். அங்கே வேலை செய்யும் சிறுவர்களின் உலகம் 'நிழல்முற்றம்' நாவலில் இருக்கிறது. நீங்கள் பல வருடம் ஒரு ரேஷன் கடையிலோ, சாயப்பட்டறையிலோ, பத்திரப்பதிவு அலுவலகத்து வாசலிலோ உட்கார்ந்திருந்தால், வெளியிலிருந்து ஒருவர் எத்தனை மாதம் கேட்டாலும் பெறமுடியாத அறிவு உங்களிடம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அந்தமானுக்கும் இமயமலைக்கும் கதை தேடிப் போவது வீண்.

அப்படி ஒன்று உங்களிடம் இல்லாவிட்டால், அல்லது இருப்பதை எழுதித் தீர்த்துவிட்டால், வெளியே போகவேண்டும். அப்போது களத்தைத் தேர்வதற்கு ஒரே அளவுகோல்தான் உண்டு: உங்களைத் தூங்கவிடாமல் உறுத்துகிற கேள்வி அங்கே இருக்கவேண்டும். 'மீனவர் வாழ்க்கையைப் பற்றி எழுதப்போகிறேன்' என்பது கேள்வி அல்ல. 'கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை, அந்தப் பெண்ணுக்கு இறப்புச் சான்றிதழ் எப்போது கிடைக்கும், அதுவரை அவள் எதை வைத்துச் சாப்பிடுவாள்?' என்பது கேள்வி. இப்படி ஒன்று இருந்தால், கடற்கரைக்குப் போனதும் யாரிடம் பேசுவது என்பது தானாகத் தெரியும்.

புறப்படுவதற்கு முன்

ஒரு தொழிலுக்கு ஒரு வருடம் எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். தூத்துக்குடி உப்பளங்களையே எடுத்துக்கொள்வோம். உப்பு வெயிலில் விளைவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகள் நீரில் மூழ்கிக் கிடக்கும், கூலி இருக்காது. தை, மாசியில் சேற்றை மிதித்துப் பாத்தியைச் சீராக்குவார்கள். பங்குனி தொடங்கி வெயில் காலம் முழுவதும் உற்பத்தி. வெயில் ஏறினால் வெள்ளை உப்பின் மீது கண்ணை வைக்கமுடியாது என்பதால் விடியுமுன்பே அளத்தில் இறங்கிவிடுவார்கள்.

இது தெரிந்தால் உங்கள் பயணத் திட்டம் மாறிவிடும். சித்திரையில் போனால் வேலையைப் பார்க்கலாம், ஆனால் யாரும் உங்களோடு உட்கார்ந்து பேசமாட்டார்கள். அவர்களுக்கு அன்றைய கூலி முக்கியம். நீங்கள் கங்காணியின் பார்வையில் படும்படி அவர்களை நிறுத்திவைத்துப் பேசுவது அவர்களுக்கு ஆபத்தும்கூட. கார்த்திகையில் போனால் வேலையைப் பார்க்கமுடியாது, ஆனால் வீட்டுத் திண்ணையில் பேச நேரம் இருக்கும். கடன், அடகு, பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளை என்று அந்த வாழ்க்கையின் கணக்குகளெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். ஆகவே இரண்டு முறை போகவேண்டும். நெசவோ, செங்கல் சூளையோ, கரும்பு வெட்டோ, எதுவானாலும் வேலை உள்ள மாதங்களையும் இல்லாத மாதங்களையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பலர் வேலை நடக்கும் மாதங்களில் மட்டும் போய்விட்டு வந்து எழுதுகிறார்கள். அந்த நாவல்களில் மனிதர்கள் உழைத்துக்கொண்டே இருப்பார்கள். பசித்து உட்கார்ந்திருக்கும் நாள் ஒன்றும் வராது.

தொழிலைப் பற்றி அச்சில் உள்ளதைப் படித்துவிட்டுப் போவது நல்லது. ஆனால் படித்ததை அங்கே காட்டிக்கொள்ளாதீர்கள். எல்லாம் தெரிந்தவரிடம் யாரும் எதையும் விளக்கிச் சொல்வதில்லை.

எப்படிக் கேட்பது

ஊரில் முதலில் யாரைப் பார்ப்பது என்பது பெரிய முடிவு. முதலாளியின் ஆளோடு போய் இறங்கினால் தொழிலாளி வாய் திறக்கமாட்டார். சங்கத்துக்காரரோடு மட்டும் போனால் கோரிக்கை மனுவே பதிலாக வரும். பள்ளி ஆசிரியர், செவிலியர், டீக்கடைக்காரர், தபால்காரர் போன்றவர்கள் எல்லா வீட்டுக்கும் பொதுவானவர்கள். அவர்களில் ஒருவர் அறிமுகம் செய்துவைத்தால் பாதி வழி கடந்த மாதிரி. நீங்கள் யார், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்பதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கதை எழுதுகிறவர் என்பதை மறைத்து ஒருவருடைய துயரத்தை வாங்கிக்கொண்டு வருவது திருட்டு.

கேள்விகளைப் பொறுத்தவரை ஒரு விதி: உணர்ச்சியைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். 'உங்களுக்குக் கஷ்டமா இருக்காக்கா?' என்று கேட்டால், 'என்ன செய்ய, எங்க பொழப்பு இப்படி' என்று ஒரு வரி வரும். அதோடு பேச்சு முடிந்துவிடும். 'காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்கக்கா? அளத்துக்குப் போகுமுன்ன என்ன சாப்பிடுவீங்க? சோறு யாரு ஆக்குவா? தூக்குச்சட்டியில என்ன கொண்டு போவீங்க? தண்ணி எங்க கிடைக்கும்?' என்று கேளுங்கள். தண்ணீரைப் பற்றிய பதிலில் ஒரு சண்டை வரும். சோற்றைப் பற்றிய பதிலில் மூத்த மகள் படிப்பை நிறுத்தியது வரும். காலில் என்ன புண் என்று கேட்டால் உப்புநீரில் நிற்பதைப் பற்றியும், கையில் காசில்லாமல் மருத்துவரிடம் போனதைப் பற்றியும், அன்று யார் கடன் கொடுத்தார்கள் என்பதைப் பற்றியும் வரும். கஷ்டம் என்ற சொல்லை நீங்களும் உச்சரிக்க வேண்டாம், அவரும் உச்சரிக்க வேண்டாம். கதை முழுவதும் அந்தப் பதில்களில் இருக்கும்.

பேச்சு நின்றுபோனால் அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். மிகவும் மதிப்புள்ள செய்திகள் மௌனத்துக்குப் பிறகு வருவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஆணிடம் கேட்டதைப் பெண்ணிடமும் கேளுங்கள். கூலி எவ்வளவு என்ற ஒரே கேள்விக்கு இருவரும் சொல்லும் தொகை வேறாக இருக்கும். அந்த வேறுபாட்டில் ஒரு குடும்பமே இருக்கிறது.

குறிப்பேடு

முதல் சந்திப்பில் குறிப்பேட்டை வெளியே எடுக்கவேண்டாம். கைபேசியில் பதிவு செய்வதென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான். அன்றிரவே, தூங்குவதற்கு முன், நினைவிலிருந்து எழுதுங்கள். மறுநாள் காலைக்குள் அவர்களுடைய வாக்கியங்கள் உங்கள் வாக்கியங்களாக மாறிவிடும். எழுத்தாளர்களுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும், ஏனென்றால் நாம் எதையும் திருத்திக் கேட்டுப் பழகியவர்கள். வலப்பக்கம் கேட்டது, இடப்பக்கம் உங்களுக்குத் தோன்றியது என்று பிரித்து எழுதுவது என் பழக்கம். இரண்டையும் கலந்து எழுதினால் ஆறு மாதம் கழித்து எது அவர் சொன்னது, எது நான் நினைத்தது என்று பிரிக்கவே முடியாது.

பொருள்களின் பெயர்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். உப்பளத்தில் தெப்பம், பாத்தி, வாருபலகை, தட்டுமேடு என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. வெளியாள் 'அந்தப் பலகை', 'அந்த மேடு' என்று எழுதினால் அங்கே வேலை செய்த வாசகர் முதல் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். இந்தச் சேகரிப்பை வாழ்நாள் பணியாகச் செய்தவர் கி.ராஜநாராயணன். இடைசெவலில் விவசாயியாக இருந்தவர், முப்பது வயதைக் கடந்து எழுத வந்தவர். 'கோபல்ல கிராமம்' 1976இல் வந்தது. 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி' 1982இல் வந்தது. நாவலுக்காகக் காதைத் தீட்டிவைத்த ஒருவரால்தான் அப்படி ஓர் அகராதியைத் தனியாளாக முன்னின்று செய்யமுடியும். புதுவைப் பல்கலைக்கழகம் பின்னாளில் அவரை அழைத்து நாட்டார் கதைகளைத் தொகுக்கும் பணியைக் கொடுத்தது. ஒரு நாவலுக்கு அகராதி அளவுக்குப் போகவேண்டியதில்லை, சில நூறு சொற்கள் போதும். ஆனால் அவற்றை யார் யாரிடம் பேசும்போது சொன்னார் என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். அம்மாவிடம் சொல்லும் சொல் கங்காணியிடம் வராது.

காகிதத்தில் உள்ள களம்

சில நாவல்களுக்குப் பேச ஆளில்லை. கல்வெட்டும் செப்பேடும்தான் சாட்சி. கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை தொடராக எழுதினார். காட்டுமன்னார்கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற குற்றத்துக்காகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியவர்களின் உறவினர் சொத்துகளைப் பறிமுதல் செய்யச் சொல்லும் ராஜராஜனின் ஆணையைத் தாங்கியிருக்கிறது. யார் என்று அது சொல்கிறது. ஏன் என்று சொல்லவில்லை. அந்த 'ஏன்' விழுந்த இடைவெளியில்தான் ஐந்து பாகங்களின் சதி முழுவதும் நடக்கிறது. கல்லில் வெறும் பெயராக இருந்த ரவிதாசன் மந்திரவாதியாக வந்து ஆந்தைபோல் கத்துகிறான். ஆவணத்தைப் படிக்கும்போது அது சொல்வதை ஒரு நிறத்திலும், சொல்லாமல் விட்டதை வேறு நிறத்திலும் குறித்து வையுங்கள். நாவலாசிரியருக்கு இரண்டாவது நிறம்தான் நிலம். கல்கியும் ஓவியர் மணியத்தை அழைத்துக்கொண்டு இலங்கைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்தான் என்பதையும் சொல்லவேண்டும். கல்வெட்டை நூலகத்தில் படித்துவிடலாம். கோடிக்கரையின் காற்றை அங்கே போனால்தான் அறியமுடியும்.

ராஜம் கிருஷ்ணனின் 'பாதையில் பதிந்த அடிகள்' (1991) இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மணலூர் மணியம்மை இளம் வயதில் கணவரை இழந்தவர், தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு வேட்டியும் சட்டையும் அணிந்து தஞ்சை வயல்களில் கூலிகளுக்காகப் போராடியவர். 1953இல் இறந்துவிட்டார். எழுதி வைக்கப்பட்ட வரலாறு சொற்பம். அவரை நேரில் கண்டவர்கள் முதுமையில் மிஞ்சியிருந்தார்கள். ராஜம் கிருஷ்ணன் அவர்களைத் தேடிப்போய்க் கேட்டார். இன்னும் சில ஆண்டுகள் கழித்துப் புறப்பட்டிருந்தால் அந்த வாய்களில் பல மூடியிருக்கும். உங்கள் கதைக்கு எண்பது வயதுச் சாட்சி ஒருவர் இருக்கிறார் என்றால், இந்த அத்தியாயத்தை இங்கேயே நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மேசை

திரும்பி வந்ததும் உடனே எழுதத் தொடங்கலாமா, ஆறப்போட வேண்டுமா? எழுத்தாளர்களின் வழக்கங்கள் ஒன்றுக்கொன்று எதிராக இருப்பதால் இதற்குப் பொதுவிதி சொல்ல எனக்குத் துணிவில்லை. சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடையைக் கவனித்துக்கொண்டே எழுதினார். 'ஒரு புளியமரத்தின் கதை' 1966, 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981, 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' 1998 என்று மூன்றே நாவல்கள். ஜெயமோகனோ மகாபாரதத்தை விரித்து எழுதிய 'வெண்முரசு' வரிசையை 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலையில் முடித்தார். எழுதிய காலங்களில் நாளுக்கு ஓர் அத்தியாயம் வெளியிட்டு, 26 நாவல்கள். இருவரும் தமிழ் நாவலை நகர்த்தியவர்கள்.

முதல் நாவல் எழுதுகிறவருக்கு நான் பரிந்துரைப்பது தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரு மணி நேரம். பக்கக் கணக்கு வேண்டாம். இடம் வீடாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. அசோகமித்திரன் தியாகராய நகரில் பூங்காவில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். தனி அறை கிடைத்தபிறகு எழுதுகிறேன் என்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும். பெண்களுக்கு அந்த ஒரு மணி நேரமும் எளிதில் கிடைக்காது என்பதை அறிவேன். வீட்டாரிடம் கேட்டுப் பெறவேண்டியது அனுமதி அல்ல, வேலைப் பகிர்வு. அடுப்படியை யாராவது ஒருவர் அந்த ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டாக வேண்டும். இதை நாவல் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

எழுதும்போது குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு எழுதுங்கள். முதல் வரைவில் நினைவில் நிற்பதே நாவலுக்குத் தேவையானது. மறந்துபோனது பெரும்பாலும் தகவல் மட்டும்தான். இரண்டாம் வரைவில் திறந்து சரிபாருங்கள்.

தகவல் கதையாகும் இடம்

களஆய்வு நாவல்களின் மீது ஒரு நியாயமான குறை உண்டு: தகவல் மிகுந்து மனிதர்கள் மெலிந்துபோகிறார்கள் என்று. ராஜம் கிருஷ்ணன்மீதும் அதைச் சொன்னவர்கள் உண்டு. சில நாவல்களில் பாத்திரங்கள் ஆசிரியரின் சீற்றத்தைச் சுமந்துகொண்டு பேசுவதை நானும் உணர்ந்திருக்கிறேன். ஆனால் 'கரிப்பு மணிகள்' நாவலை நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கொடுப்பதற்குக் காரணம் பொன்னாச்சி. அவள் அளத்துக்குப் புதியவள். வெளியூரிலிருந்து வந்து வேலைக்குச் சேர்கிறாள். அவளுக்கு எதுவும் தெரியாது, நமக்கும் தெரியாது. பாத்தியில் எப்படி நிற்பது, யாருக்குப் பயப்படுவது, கூலி எப்படிக் கணக்காகிறது என்று அவள் கற்றுக்கொள்ளும்போது நாமும் கற்றுக்கொள்கிறோம். ஆசிரியர் குறுக்கே வந்து விளக்கவேண்டிய தேவை குறைந்துவிடுகிறது. உப்புநீர் முதலில் அவள் காலைக் கடிக்கிறது. அதன்பிறகுதான் அது நமக்குச் செய்தியாகிறது.

இந்த உத்தியை நீங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்: களத்துக்குப் புதிதாக வரும் ஒரு பாத்திரம், அவருக்கு அங்கே பிழைத்தாகவேண்டிய கட்டாயம். சுற்றிப்பார்க்க வந்தவராக மட்டும் இருக்கக்கூடாது. வேடிக்கை பார்ப்பவரின் கண் வழியே வந்தால் தகவல் மீண்டும் தகவலாகவே உறைந்துவிடும். திருத்தும்போது ஒவ்வொரு தகவல் வாக்கியத்தையும் எடுத்து, 'இது இந்த இடத்தில் யாருக்குத் தேவை?' என்று கேளுங்கள். பாத்திரத்துக்குத் தேவை என்றால் இருக்கட்டும். உங்கள் உழைப்பைக் காட்டத்தான் இருக்கிறது என்றால் எடுத்துவிடுங்கள், அதற்காக எத்தனை முறை பேருந்து ஏறியிருந்தாலும் சரி.

பெயர்கள்

உங்களிடம் மனம்விட்டுப் பேசியவரை ஊர் அடையாளம் கண்டுகொண்டால் அவர் வேலை போகலாம், வீட்டில் அடி விழலாம். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. தெரு, பிள்ளைகளின் எண்ணிக்கை, உடல் அடையாளம், நடந்த வருடம் இவற்றில் சிலவற்றையாவது மாற்றுங்கள். இரண்டு மூன்று பேரின் வாழ்க்கையை ஒருவரில் சேருங்கள். உண்மையான ஊர்ப்பெயரை வைப்பதா என்பதையும் ஆற அமர யோசியுங்கள். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் திருச்செங்கோட்டை அதன் பெயரிலேயே வைத்து வந்தது. 2014 இறுதியில் எழுந்த எதிர்ப்பில் அவர் எழுதுவதையே நிறுத்துவதாக அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளரின் பக்கம் நின்று தீர்ப்பளித்தது. ஊர்ப்பெயரை வைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, அதை விட்டுக்கொடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த உரிமையின் விலையை உங்களோடு சேர்ந்து வேறு யார் கொடுக்கப்போகிறார்கள் என்பதை எழுதும்போதே எண்ணிப் பார்த்துவிடவேண்டும்.

மறுபயணம்

முதல் வரைவு முடிந்ததும் மீண்டும் களத்துக்குப் போகவேண்டும். இம்முறை கையில் பட்டியல் இருக்கட்டும். எழுதும்போது எங்கெல்லாம் தடுமாறி, 'ஏதோ ஒரு வண்டி', 'சற்று நேரத்தில்', 'ஒரு தொகை' என்று பூசி மெழுகினீர்களோ அங்கெல்லாம் அடிக்கோடு இட்டிருப்பீர்கள். அவை ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. வண்டி எது, எவ்வளவு நேரம், எத்தனை ரூபாய், யார் கையில் கொடுத்தார்கள்? முதல் பயணத்தில் பேசியவர்களிடமே போங்கள். இரண்டு அத்தியாயங்களை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்களாக இருந்தால் இன்னும் நல்லது, அவர்களுடைய காது தப்பை உடனே பிடிக்கும். 'இப்படி யாரும் பேசமாட்டாங்க' என்று ஒருவர் சொன்னால் வாதாடாமல், 'பின்னே எப்படிப் பேசுவாங்க?' என்று கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் சிரிக்கும் இடத்தையும் முகம் இறுகும் இடத்தையும் பக்கத்தின் ஓரத்தில் குறியுங்கள். இரண்டாம் வரைவை அந்த ஓரக் குறிப்புகளிலிருந்து தொடங்கலாம்.